நவமணிக்கு ஒரு நாற்காலி

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரஜனி வீடு வந்து சேர்ந்தபோது மழை அப்போதுதான் விட்டிருந்தது. பீடோங் பட்டணத்து ஓரத்தில் அவளுடைய அப்பா தேவதாசன் வாங்கிப்போட்ட பழைய பலகை வீடு அது. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசராக இருந்து ஓய்வு பெற்று, இதே வீட்டில் கண்ணை மூடியவர். தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த ரப்பர் காட்டிலிருந்து ஈர இலை வாடை வந்தது. வாசலில் கிடந்த செருப்புகளை நேராக்கினாள் ரஜனி. ஒன்று கொஞ்சம் சாய்ந்திருப்பதாகத் தோன்றவே, மறுபடி குனிந்து அதையும் சரிசெய்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

ரஜனி அப்படித்தான். யாராவது அன்பளிப்பு கொடுத்தால் அதைப் பிரித்துத் தானே அழகாகச் சுற்றி வைத்துவிட்டுப் பிறகு திறப்பாள். சர்ச்சில் போதகர் வசனத்தில் ஒரு சொல்லை மாற்றி வாசித்துவிட்டால் அன்றைய பிரசங்கம் முழுவதும் அவள் காதில் ஏறாது. ஏழு வயதிலிருந்து அவள் தலைக்குள் ஒரு குரல் உட்கார்ந்துகொண்டு, போதாது, போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவளை நிம்மதியாகத் தூங்கவிடாததும் அந்தக் குரல்தான். சுங்கைப் பட்டாணிக்கு வெளியே இருந்த கையுறை கம்பெனியில் தர மேற்பார்வையாளராக அவளை உயர்த்தியதும் அதே குரல்தான்.

அந்தக் குரலை அவள் சகித்துக்கொண்டிருப்பாள். ஆனால் மூன்று வாரத்துக்கு முன் மகள் தர்மினியின் பள்ளியிலிருந்து அழைத்திருந்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து தன் இமை முடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு எது செஞ்சாலும் பத்தாது" என்றாளாம். கணவர் அனந்தன் ஜொகூரில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். பிள்ளையைக் காப்பாற்றவோ கெடுக்கவோ வீட்டில் இருந்தது ரஜனி ஒருத்திதான். அன்று ராத்திரி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுதாள்.

அதனால்தான் கம்பெனி ஏற்பாடு செய்த மனநலப் பயிற்சிக்கு அவளே பெயர் கொடுத்துவிட்டுப் போனாள். நடத்தியவர் பினாங்கிலிருந்து வந்த பிரேமாவதி என்ற பெண்மணி. குறைசொல்லும் குரலோடு சண்டை போடாதீர்கள், அதற்கு ஒரு பேர் வையுங்கள் என்றார் அவர். ஒரு காலி நாற்காலியில் அதை உட்கார வையுங்கள். குடிக்க ஏதாவது வையுங்கள். மூன்று முறை பேர் சொல்லி அழைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிறகு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் யாரும் இல்லை. தர்மினி டியூஷன் முடிந்து வர ஆறரை ஆகும். ரஜனி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். சாப்பாட்டு மேசையைத் துடைத்தாள். நாற்காலியை எதிரில் போட்டாள். முதலில் நினைவுக்கு வரும் பெயரை எழுதுங்கள் என்று பயிற்சியில் கொடுத்த தாளில் இருந்தது. பேனா எழுதியது.

நவமணி.

எழுதிய பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் பேர்தானே என்று நினைத்துக்கொண்டாள். குடிக்க என்ன வைப்பது என்று யோசிக்கும்போதே கை தானாகக் கெட்டிப்பால் டின்னைத் திறந்தது. ரஜனி சீனியில்லாத தேநீர் மட்டும் குடிப்பவள். ஆனாலும் பால் அடியில் தங்கும் அளவுக்கு ஊற்றி, கறுப்பாகக் கோப்பி கலந்து, நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"நவமணி" என்று கூப்பிட்டாள். சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது சிரிப்பு வரவில்லை. மூன்றாம் முறை சொல்லிவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

தலைக்குள் இருந்த குரல் நின்றது.

முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அமைதி. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், தூரத்தில் யாரோ மோட்டர் சைக்கிளை உதைப்பதும் தனித்தனியாகக் கேட்டன. ரஜனிக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சுலபமா என்று தோன்றியது. நன்றி சொல்லி அனுப்ப வேண்டியதைக்கூட மறந்துபோனாள்.

பிறகு வாடை வந்தது. ரப்பர் பாலும் அமோனியாவும் கலந்த, கம்பெனிக்குள் மட்டும் அடிக்கிற வாடை. அதன் அடியில் மழையில் நனைந்த துணியின் முடை.

நாற்காலி ஒருமுறை முனகியது. ஆள் உட்காரும்போது முனகுமே, அப்படி.

கோப்பி மேல் ஆடை கட்டியிருந்தது. அது மெல்லச் சுருங்கி விலகியது, யாரோ ஊதிவிட்டதுபோல.

"இன்னொரு தடவ பாருங்க மேடம்."

குரல் தலைக்குள் இருந்து வரவில்லை. எதிரிலிருந்து வந்தது.

*

நவமணி யார் என்று ரஜனிக்கு நன்றாகத் தெரியும்.

கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கையுறை பார்த்த பெண். கையுறைக்குள் காற்றை அடைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். ஓய்வு நேரத்தில் பிளாஸ்க் மூடியில் கோப்பி ஊற்றி ஆற ஆற ஊதிக் குடிப்பாள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், நவமணி பார்த்து அனுப்பிய பெட்டியில் ஒரு கையுறையில் ஓட்டை இருப்பதை ரஜனி கண்டுபிடித்தாள். வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் அதைத் தூக்கிப் பிடித்து, "கண்ணு இருக்கா இல்லையா? இன்னொரு தடவ பாருங்க" என்றாள். ஒரு பெட்டியை இல்லை. அன்றைய நாற்பது பெட்டிகளையும். மூன்றே காலுக்குக் கம்பெனி பஸ் போய்விட்டது. நவமணி தலை நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரைக்கு வேலை முடிந்தது. வேறொரு ஓட்டைகூட இல்லை. யாரிடமோ மோட்டரை இரவல் வாங்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் கிளம்பினாள். மெர்போக் முச்சந்தியில் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றி வந்த லோரி மோதி அங்கேயே செத்துப்போனாள்.

மறுநாள்தான் ரஜனி அந்தக் கையுறையைச் சரியாகப் பார்த்தாள். ஊசித்துளை என்றால் வட்டமாக இருக்கும். இது பிறை வடிவத்தில் இருந்தது. ரஜனியின் வலது கட்டைவிரல் நகம் ஓரத்தில் உடைந்திருந்தது. திங்கட்கிழமைதோறும் மற்றவர்களின் நகத்தை வரிசையில் நிறுத்திச் சோதிப்பவள் அவள். நகத்தை ஒட்ட வெட்டினாள். கையுறையைக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தாள்.

இதுதான் ரஜனி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட கதை. இதில் ஒரு பொய் இருந்தது. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனதை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

*

அந்த வாரம் முழுவதும் குரல் விடவில்லை.

அரிசி கழுவினால், இன்னொரு தடவ. கதவைப் பூட்டினால், இன்னொரு தடவ. கம்பெனியில் கையெழுத்துப் போட்டால் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னொரு தடவ. ரஜனி ஒரே தாளில் ஆறு முறை கையெழுத்துப் போட்டதைப் பார்த்து மேலாளர் சுகுமாரன் அவளை விநோதமாகப் பார்த்தார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

அதுவரை தாங்கிக்கொண்டாள். புதன்கிழமை மாலை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

தர்மினி மேசையில் உட்கார்ந்து பள்ளிப் போட்டிக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். நோட்டிலிருந்து கிழித்த தாள்கள் காலடியில் குவிந்து கிடந்தன. நடுவிரலில் பேனா அழுத்திய இடம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"போதும்டா. எழுந்து சாப்பிடு" என்றாள் ரஜனி.

"இன்னும் சரியா வரலம்மா."

"யாரு சொன்னா?"

பிள்ளை நிமிர்ந்தாள். இமை முடி இல்லாத கண்கள்.

"இந்த ஆண்ட்டிதான் சொல்றாங்க" என்று காலி நாற்காலியைக் காட்டினாள். "இன்னொரு தடவ எழுதச் சொல்றாங்க. இவங்க ஏம்மா ஈரமாவே இருக்காங்க?"

ரஜனி நோட்டைப் பிடுங்கினாள். பிள்ளையை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியைத் தூக்கி மழையில் வெளியே எறிந்தாள்.

சாத்திய கதவுக்குப் பின்னால் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது.

பிறகு பேனா கீறும் சத்தம்.

*

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ரஜனி யோகேஸ்வரியைத் தேடிப் போனாள். நவமணிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் யோகேஸ்வரி. மேடம் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்ததில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரஜனி எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். நகத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

யோகேஸ்வரி கரண்டியை வைத்துவிட்டாள்.

"பேர் சொல்லி மூணு தடவ கூப்பிட்டீங்களா?"

"ஆமா."

"உக்கார எடம் போட்டு, அவங்க குடிக்கிற கோப்பியும் வச்சீங்களா?"

"பயிற்சியில அப்படித்தான் சொன்னாங்க."

"அது பயிற்சி இல்ல மேடம். அது நாங்க செத்தவங்களுக்குச் செய்யறது." அவள் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள். "நாங்க வருஷத்துக்கு ஒரு நாள், விளக்கு ஏத்தி, படையல் வச்சு, சொந்தக்காரங்க எல்லாம் சுத்தி நின்னுகிட்டுதான் கூப்பிடுவோம். சூடம் காட்டி அனுப்பிட்டுத்தான் எலய எடுப்போம். நீங்க தனியா கூப்பிட்டு, என்ன வேணும்னு வேற கேட்டுட்டு, அனுப்பாம விட்டுட்டீங்க லா."

ரஜனியின் வீட்டில் படையல் என்று ஒன்று கிடையாது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். செத்தவர்களுக்கு ஜெபம் சொல்வார்கள், கல்லறையில் பூ வைப்பார்கள். தோட்டத்தில் பிறந்த எந்தப் பெண்ணும் அந்தத் தாளைப் படித்த மாத்திரத்தில் மடித்துக் கீழே வைத்திருப்பாள்.

"இப்ப என்ன செய்யறது?"

"என்ன வேணும்னு கேட்டீங்கள்ல. அதக் கொடுக்கணும்."

"என்ன வேணும்னு அவங்க சொல்லலையே."

யோகேஸ்வரி அவளைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. "உங்களுக்குத் தெரியும் மேடம்" என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. மகளைத் தனியே விட்டுப் போகப் பயந்து, அவளையும் பின் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு மெர்போக்குக்குக் காரை ஓட்டினாள் ரஜனி. தர்மினி மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. வெயில் அடித்தாலும் மரங்களுக்கு அடியில் இருட்டு கலையவில்லை.

நவமணியின் கணவர் முனியாண்டி, மகன் வாங்கிக்கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருந்தார். வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவர், அவளை அடையாளம் கண்டதும் எழுந்து உள்ளே வரச் சொன்னார். எழுதுவதை நிறுத்தாத தர்மினியைக் கண்ணில் படும் தூரத்தில் காரிலேயே விட்டுவிட்டு ரஜனி போனாள். மனுஷனுக்குக் கோபம்கூட இல்லை. அதுதான் ரஜனிக்கு அதிகம் வலித்தது. சுவரில் நவமணியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை அவள் சொன்னாள்.

"அன்னைக்கு அந்தக் கையுறையில இருந்த ஓட்டை உங்க மனைவி விட்ட தப்பு இல்ல. என் நகம் பட்டிருக்கலாம். பின்னாலதான் எனக்குத் தெரிஞ்சது. மன்னிச்சிடுங்க."

முனியாண்டி சுவரில் இருந்த படத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"அவ கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு."

"கெளம்பும்போது போன் போட்டு அழுதா மேடம். கண்ணு போச்சுங்க, இனிமே வேலைக்கு லாயக்கில்லன்னு." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வந்து சொன்னீங்களே. அது போதும். போயிட்டு வாங்க."

ரஜனிக்குத் தோளிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. எழுந்தாள்.

அடுப்படிப் பக்கமிருந்து அமோனியா வாடை வந்தது.

"இன்னொரு தடவ."

முனியாண்டியின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவருக்கும் கேட்டிருந்தது. அடுப்படி வாசலைப் பார்த்தார். அங்கே தரையில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, மேலே கூரையில் ஈரமே இல்லாமல்.

"நவமணி" என்றார். "சாப்பிட்டியா?"

பதில் மெதுவாக வந்தது.

"அந்தம்மாவப் பேச விடுங்க."

முனியாண்டி உட்கார்ந்தார். இப்போது அவர் முகம் வேறாக இருந்தது. "சொல்லுங்க மேடம்" என்றார்.

ரஜனி மறுபடி சொன்னாள். நகம் பட்டிருக்கலாம் என்பதை நகம் பட்டது என்று மாற்றினாள்.

"இன்னொரு தடவ."

கையுறையை எரித்ததைச் சொன்னாள். விசாரணைக்கு வந்தவர்களிடம் ஊசித்துளை என்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள்.

"இன்னொரு தடவ."

தண்ணீர்ச் சொட்டுகள் அடுப்படி வாசலைத் தாண்டி அவள் இருந்த இடத்தை நோக்கி வந்தன.

நான்காம் முறை. ஐந்தாம் முறை. ஒவ்வொரு முறையும் ஒரு வார்த்தையை உண்மையாக்கினாள். ஒவ்வொரு முறையும் அந்த ஓர் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். சொட்டு அவள் கால்விரலில் விழுந்தது. பனிக்கட்டிபோல் சில்லென்று இருந்தது.

அவள் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

"எப்பத் தெரிஞ்சது மேடம்?"

ரஜனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு" என்றாள். "மறுநாள் இல்ல. அன்னைக்கே நாலு மணிக்கு. என் மேசையில வச்சுப் பாத்தேன். ஓட்டையும் நகமும் ஒண்ணாப் பொருந்துச்சு. கண்ணாடி வழியா அவங்களப் பாத்தேன். பெட்டியப் பிரிச்சுப் பாத்துகிட்டு இருந்தாங்க. எழுந்து போயி, என் தப்புன்னு சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால சொல்ல முடியல. அதனால பாக்க விட்டேன். ஒன்றரை மணி நேரம் பாக்க விட்டேன். நாலு மணிக்கே விட்டிருந்தா மழைக்கு முன்னால வீட்டுக்கு வந்திருப்பாங்க."

சொட்டுவது நின்றது.

முனியாண்டி எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்திருந்தால் தேவலை. அவர் கதவை அகலமாகத் திறந்துவிட்டு, "போ" என்றார். அவ்வளவுதான். இத்தனை நேரம் அவர் சொன்ன மேடம் என்ற சொல் போய்விட்டது.

*

ரஜனி காருக்கு வந்தாள். மன்னிப்பு கிடைக்கவில்லை, பரவாயில்லை. உண்மை வெளியே வந்துவிட்டது. பிள்ளை பிழைத்தால் போதும் என்று இருந்தது.

தர்மினி எழுதிக்கொண்டிருக்கவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டுப் பின் இருக்கையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று ரஜனிக்கு நினைவில்லை.

"முடிஞ்சிடுச்சும்மா" என்றாள் பிள்ளை. "ஆண்ட்டி படிச்சுப் பாத்துட்டு ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாங்க. இனிமே எழுத வேண்டாமாம். தலையத் தடவிக் கொடுத்தாங்க."

ரஜனி மகளைப் பார்த்தபடியே நின்றாள். ரொம்ப நல்லா இருக்கு. பதின்மூன்று வருடத்தில் அந்த வார்த்தையைத் தான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆண்ட்டி போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. என் கூடத்தான் வரப்போறாங்க. உங்க வேலை இன்னும் முடியலையாம்." தர்மினி முன்னால் சாய்ந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "நீங்க திட்டினா இனிமே ஆண்ட்டிகிட்டச் சொல்லிடுவேன்."

ரஜனி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து காரைக் கிளப்பினாள்.

டிங், டிங் என்று மணி அடித்தது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு காட்டியது. இருக்கையில் எதுவும் இல்லை. பஞ்சு மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. அமுங்கிய இடத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

முனியாண்டி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணி நிற்கவில்லை. ரஜனி எட்டிப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது.

பெல்ட் இருக்கையில் படிந்து கிடக்கவில்லை. ஓர் ஆளின் மார்புமேல் கிடப்பதுபோல் முன்னால் தள்ளி நின்று, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.